இரண்டு மாடிகளுக்கு நடுவே

போருக்கு முன்னால் அல்ஹாஸூர்
லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
நான் அவனுக்குக் கையாள்,
கிரீஸ் டப்பாவும் கைவிளக்கும் சுமந்தவன்.

க்ரோஸ்னியில் மின்சாரம் போகும்போதெல்லாம்
ஒன்பது மாடிக் கட்டடம் ஏதாவதொன்றில்
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
யாரோ தொங்கிக்கொண்டிருப்பார்கள்.
கதவிடுக்கில் வாய்வைத்துச் சொல்வான்:
"பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."
செச்சென் மொழியில் ஒருமுறை,
ரஷ்ய மொழியில் ஒருமுறை.
உள்ளே அழுவது யாரென்று கேட்டதில்லை.

முதல் குளிர்காலத்திலேயே அந்தக் கட்டடங்கள் போயின.
படிக்கட்டு மட்டும் மிஞ்சிய ஒன்றில்
குழியின் அடியில் லிஃப்ட் பெட்டி
மிதிபட்ட தீப்பெட்டியாய்க் கிடந்தது.
உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று
எட்டிப் பார்த்தான்.
இருந்தார்கள்.
மனைவி யாஹாவின் வெள்ளி ஒட்டியாணத்தைக் கொடுத்து
அன்று மாலையே
பசித்த ஒரு ரஷ்யச் சிப்பாயிடம் துப்பாக்கி வாங்கினான்.

தளபதி என்று நாங்கள்தான் அழைத்தோம்.
ஒருமுறை, சிறைபிடித்த பையனைத் தேடி
ஓம்ஸ்க்கிலிருந்து ஒரு தாய் வந்தாள்,
ஒரு காலில் அவளுடையது, மறுகாலில் வேறு யாருடையதோ பூட்ஸ்.
காட்டுப்பூண்டு வதக்கிச் சோளரொட்டியோடு கொடுத்து
மகனையும் கொடுத்து அனுப்பினான்.
இதை நான் கண்ணால் பார்த்தேன்.
பார்க்காமலிருந்தால்
மிச்சத்தைச் சொல்வது சுலபமாக இருக்கும்.

இரண்டாம் போரில்
வெள்ளைத்துணி கட்டிய அகதி வண்டிகள்மேல் குண்டு விழுந்தது.
யாஹா, இரண்டு பெண்குழந்தைகள்.
எல்லாரும் அந்தச் சாலையோடு கதையை முடித்துக்கொள்கிறார்கள்:
அதனால்தான், அதனால்தான் என்று.
என் தம்பியும் அந்தச் சாலையில்தான் செத்தான்.

பிறகு எங்கிருந்தோ பணம் வந்தது.
ஒரு வீடியோ கேமரா வந்தது.
முகாமுக்குள் நுழைந்தால்
ஆட்களுக்கு முன் அதைத் தேடின அவன் கண்கள்.
அவன் பேச்சில் ஒருமை செத்தது.
சிப்பாய், தாய், காலுக்கொன்றாய் அந்த பூட்ஸ்
எல்லாமே "அவர்கள்" ஆயின.
மரியாதைக்கான பன்மை இல்லை அது.

புல்வெளிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர்.
பெயர் சொல்ல மாட்டேன்.
என் வாயால் அந்தப் பெயர் கேட்க
அங்கே யாருக்கும் பிரியமிருக்காது.
லாரி ஓட்டியது நான்.
எங்கே போகிறோம் என்று தெரிந்தே ஓட்டினேன்.
வழியில் ஒரு பெட்ரோல் பங்கில்
சிறுநீர் கழிக்கப் போனவன் திரும்பவில்லை.
மனசாட்சி என்று எழுதத்தான் ஆசை.
பயம்.
யாருக்கும் தகவலும் சொல்லவில்லை.
பங்கில் தொலைபேசி இருந்தது.

மற்றது, பேருந்து நிலையத்தில் டிக்கெட் விற்ற
கிளாஃபிரா சாட்சிக்கூண்டில் சொன்னது.
இரண்டு நாள்.
சாமான் அறையில் அறுபது பேர்.
சந்தைக்கு வந்த ஒருத்தி மடியில்
அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகள்.
மனிதர்கள் வாய் திறந்தால் அடி.
குஞ்சுகளை யாராலும் அடக்க முடியவில்லை.
இரவில் ராணுவம் மின்சாரத்தைத் துண்டித்தது.
குழந்தைகள் அலற,
பூட்டிய கதவிடுக்கில் ஒரு குரல்,
"கனிவான குரல், ஐயா" என்றாளாம் நீதிபதியிடம்,
ரஷ்ய மொழியில்:
"பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

விடியும்முன் அவனே கம்பியை இணைத்தான்.
முப்பத்தொரு பேர்.
குஞ்சுகளை யாரும் எண்ணவில்லை.

அவன் உடலைச் சட்டம் தரவில்லை.
எங்கோ ஓர் எண்ணின் கீழ் கிடக்கிறான்.
அவன் அக்கா ஸுலாய் இன்னும் மனு எழுதுகிறாள்.
முப்பத்தொரு வீடுகளிலும்
யாரோ அதேபோல் எதையாவது எழுதிக்கொண்டிருக்கலாம்.

நான் கிராட்ஸ் நகரில், எட்டாம் மாடியில்.
படியேறித்தான் போகிறேன்.
போன மார்கழியில் லிஃப்ட் நின்றுவிட்டது,
உள்ளிருந்து தட்டல்.
கதவிடுக்கில் வாய்வைத்தேன்.
எனக்குத் தெரிந்தது அந்த ஒரே வாக்கியம்தான்.

தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது.
நானும் திருப்பித் தட்டினேன்,
ஆள் வரும்வரை,
வெறும் கையால்.