கெவின்

பீட்டர்பரோ தாண்டிப் பதினெட்டு நிமிசம்.
சோளம் வெட்டி முடிந்த வயல், பிறகு ஒரு தபால்பெட்டி,
பிறகு பெயர் எழுதாத படலை.
"இதுதான் எண்டு போன் சொல்லுது" என்றான் விமலதாஸ்.
வேனுக்குள் ஆறு பிள்ளைகள், மூன்று பெட்டி மட்டன் ரோல்ஸ்,
ஆரணியின் ஒன்பதாவது பிறந்தநாள்.
கேக் வேண்டாம், சிங்கம் காட்டு என்று
தை மாதத்தில் இருந்தே கேட்டவள்.

டோரின், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து,
முதலில் சட்டம் சொன்னாள்.
கத்தக் கூடாது. ஓடக் கூடாது.
கம்பிக்கு மூன்று மீற்றர் இப்பால் மஞ்சள் கோடு.
எனக்குக் கோடுகள் பழக்கம்.
பிள்ளைகளை இழுத்து நிறுத்தினேன்.

வேலியில் ஒரு பலகை.
பெயர்: கெவின்.
பிறந்த இடம்: தெரியாது.
பிறந்த திகதி: ஏறத்தாழ.
வந்த விதம்: நெடுஞ்சாலையோர மிருகக்காட்சி, பூட்டியபின்.
நிலை: நிரந்தர வதிவு.

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.
எனக்கு அது கிடைக்க ஏழு வருசம்,
மூன்று வக்கீல், ஒரு மொழிபெயர்ப்பாளர்.
நிலத்துக்குக் கீழே இருந்தோம் என்று நான் சொல்ல
பேஸ்மன்ற்றில் இருந்தார்கள் என்று அவர் சொல்ல
தீர்ப்பாளர் கேட்டார்:
அப்படியென்றால் வசதியான குடும்பமோ?

"அப்பா, அவன் ஏன் எழும்புறான் இல்லை?"

வைக்கோலில் படுத்திருந்தான்.
பிடரியில் ஒரு பக்கம் மயிர் இல்லை.

நான் அறிந்த சிங்கம் ஒன்றே ஒன்று.
அது துணியில் இருந்தது.
ஓமந்தையில், காலை ஏழு மணிக்கு,
பையை அவிழ்த்துக் காட்டும் வரிசையில் நிற்கையில்
தலைக்கு மேலே படபடக்கும், வலது கையில் வாளோடு.
நிமிர்ந்து பார்த்ததில்லை.
அதன் நிழல் எந்த இடத்தில் விழும் என்பது தெரியும்,
மிதிக்காமல் நடப்பேன்.

இவனிடம் வாள் இல்லை.
நகமும் இல்லை.
"குட்டியிலேயே பிடுங்கிவிட்டார்கள்,
ஆட்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க" என்றாள் டோரின்.
"முதல் எலும்போடு. அதுதான் நடக்க விருப்பமில்லை."

அப்போது வெடித்தது.

எது, எங்கே, தெரியாது.
நான் நிலத்தில் கிடந்தேன்.
இரண்டு கையும் பிடரியில், வாய் திறந்தபடி.
(காதுச் சவ்வு கிழியாமல் இருக்க அப்படித்தான்.)
ஜாக்கெட் முழுக்கச் சேறு.

பக்கத்து ஆப்பிள் தோட்டமாம்.
குருவி கலைக்கிற காஸ் பீரங்கி,
பன்னிரண்டு நிமிசத்துக்கு ஒருக்கா.
மூன்று கடிதம் போட்டும் அவன் நிறுத்துகிறான் இல்லை என்று
டோரின் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள்.
பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை.
விமலதாஸ் வேன் சில்லுக்குப் பின்னால் இருந்து
மெல்ல எழும்பிக்கொண்டிருந்தான்.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த உயரத்தில் கிடந்ததால்தான் தெரிந்தது:
கம்பிக்கு அப்பால்
வயிறு வைக்கோலோடு ஒட்டி, காதுகள் பின்னுக்கு மடிந்து,
கெவின்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
சத்தம் வந்த பக்கத்தைப் பார்த்தபடி
அடுத்ததற்குக் காத்திருந்தான்.

சிநேகிதம் ஒன்றும் ஆகிவிடவில்லை.
கொஞ்சத்தில் மூக்கை உயர்த்தி, மட்டன் மணத்தை இழுத்தான்.
அந்த மட்டனில் நானும் சேர்த்தியாக இருக்கலாம்.

ஆரணி ரிசுவால் என் முழங்கையைத் துடைத்தாள்.
"அது குருவிக்குத்தான் எண்டு
அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?"

"டோரின் சொல்லியிருப்பா.
அவனுக்கு இங்கிலிஷ் விளங்கியிராது."

அவள் சிரித்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
இன்னும் நாலு நிமிசம்.
வாங்கோ, வேனுக்குள் இருந்து சாப்பிடுவம் என்றேன்.
விமலதாஸ் ஏற்கெனவே உள்ளே போய்,
பாட்டைக் கூட்டிவிட்டு,
கண்ணாடிகளை ஒவ்வொன்றாய்
மேலே ஏற்றிக்கொண்டிருந்தான்.