சாய்கோடு

காக்கி புக்கிட், ஏழாம் மாடி, சனி இரவு.
டயாலிசிஸ் நிலையத்தின்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்
பழைய மேக்கிலிருந்து புது சர்வருக்குக்
குடிபோக வேண்டும், விடிவதற்குள்.

கியாட் செங் சுவரில் ஒட்டியிருக்கிறான்:
கேள்விக்குறி கூடாது. முக்காற்புள்ளி கூடாது.
நட்சத்திரம் கூடாது. பெயரின் கடைசியில் புள்ளி கூடாது.
கீழே வேறு மையில் ஹிதாயா:
ஃபைனல், புது ஃபைனல், இதுதான் ஃபைனல்
செத்தாலும் கூடாது லா.

நியாயம்தான்.
ஓர் இயந்திரத்துக்குப் பெரிய எழுத்து டானும்
சின்ன எழுத்து டானும் ஒரே ஆள்,
இன்னொன்றுக்கு இரண்டு சிறுநீரக நோயாளிகள்.
நாளில் தொடங்கும் தேதிகள்
ஆண்டு தெரியாமல் முண்டியடிக்கும்;
ஆண்டில் தொடங்கினால்
உணவங்காடியில் நம்மைப் போலத்
தாமே வரிசையில் நிற்கும்.

தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றே ஒன்று.
கோமளவல்லி.
புது சர்வரில் கொம்பும் துணைக்காலும்
ஆளுக்கொரு புள்ளிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு
தனித்தனியே நின்றன.

பன்னிரண்டரைக்கு மிச்சம் முப்பத்தாறு.
நகர மறுத்தவை.
முப்பத்தாறும் நம்மவர்கள்.

இளவழுதி எஸ்/ஓ தணிகாசலம்.
அடையாள அட்டையில் உள்ளபடியே
யாரோ நேர்மையாகத் தட்டியிருக்கிறார்கள்.
பழைய மேக் பொறுத்துக்கொண்டது.
புதியது சாய்கோட்டைக் கண்டால் வாசல் என்று நினைக்கிறது.
இளவழுதி எஸ் என்றோர் அறையைத் தேடி
அதன் உள்ளே நின்று
ஓ தணிகாசலம்
என்று கூப்பிடுகிறது.
அப்படி யாரும் இல்லை என்று
என்னிடம் வந்து சொல்கிறது.

என் அட்டையிலும் உண்டு அந்தக் கோடு.
விமானச் சீட்டு அதைத் தின்றுவிட்டு
இரண்டு எழுத்தையும் ஒட்டவைத்ததில்
சாங்கியில் ஒருமுறை
மிஸ் டோ, மிஸ் டோ என்று கூவினார்கள்.
யாரோ கொரியப் பெண்ணாக்கும் என்று
நான் பாட்டுக்கு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

கோட்டை எடுத்துவிட்டு எதைப் போடுவது?
கழித்தல் குறி போட்டால்
மகனிலிருந்து தகப்பனைக் கழித்தது போலிருக்கிறது.
ஒன்றும் போடாவிட்டால் எனக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும்.
அடிக்கோடு போட்டேன்.
முப்பத்தாறு முறை,
முன்னால் நோயாளி எண், எல்லாம் சின்ன எழுத்தில்.

கைக்கு ஏதோ உறுத்தியது.
வெறும் உரைக்கோப்பு ஒன்றைத் திறந்து
முப்பத்தாறு பேரையும் உள்ளபடி எழுதினேன்,
சாய்கோட்டோடு.
கோமளவல்லியை முழுக்கொம்போடு, காலோடு.
கோப்புக்கு உள்ளே எதையும் எழுதலாம்.
வாசலில் மாட்டும் பெயர்தான்
எந்த ஊர்க் கதவிலும் இடிக்காமல் நுழையவேண்டும்.

இந்தக் கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று
கோப்பி ஓ ஆறும்வரை யோசித்தேன்.
பட்டியல் என்று வைத்தேன், ஆங்கில எழுத்தில்,
ஆண்டு, மாதம், நாள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு
இளவழுதி மூன்றாம் நாற்காலியில் சாய்வார்.
ஊசி குத்துமுன் தாதி பெயரைத் தட்டுவாள்.
திறந்துவிட வேண்டும்,
அவ்வளவுதான்.