எழுபத்து நாலின் வலது கால்

திங்கள் விடியுமுன் மூன்று மணிக்குப் படம் இறங்கும்.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தோளுக்கு நேராக
நகைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
நாங்கள் ஒன்பது பேர், ஒரு கெட்டில்,
மழை வந்தால் கீச்சிடும் யூபிஎஸ்.

படத்தில் சத்தம் கிடையாது.
எழுபதாயிரம் பேர் கத்துவது
ஓரத்தில் கொஞ்சம் நிறமாகத் தெரியும், அவ்வளவே.
ஒரு துண்டு ஆறு விநாடி.
அந்த ஆறை நான் பதினொரு முறை பார்ப்பேன்,
ஆளுக்கு ஒரு முறை.
பந்து வைத்திருப்பவனை ஊரே பார்க்கிறது.
எனக்குச் சம்பளம் மற்ற பத்துப் பேருக்கு.

சேர்ந்தபோது ஆட்டம் எனக்குத் தெரியாது.
இனயத்துக் கடற்கரையில் கால்பந்து என்றால் காலால் உதைப்பது.
இவர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்,
அதற்கும் அதே பெயர்.
சம்பளம் ஏறிய பிறகு நான் சண்டைக்குப் போகவில்லை.

எழுபத்து நாலு அந்தப் பத்தில் ஒருவன்.
பந்தைத் தொடவே மாட்டான்.
ஒரு கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்து,
எதிரே பாய்கிறவனை மறிக்கிற வேலை.
சட்டையில் அவனுக்குப் பெயர் உண்டு.
ஷீட்டில் பெயருக்குக் கட்டம் இல்லை.
நின்றால் ப்ளஸ், விழுந்தால் மைனஸ்,
ரெண்டும் இல்லாமல் சும்மா உரசிக்கொண்டால் பூஜ்யம்.

மழை விடாத ஒரு திங்கள்
கரண்ட் போய் வந்து, படம் தானே நின்ற இடத்தில் பார்த்தேன்.
பந்து இன்னும் கிளம்பவில்லை.
எழுபத்து நாலின் வலது கால்
ஒரு சாண் பின்னால் இருந்தது.
அடுத்த துண்டு: நேராக.
அதற்கடுத்தது: மறுபடி பின்னால்.
முந்தின வாரத்துக்குப் போனேன், அதற்கும் முந்தின வாரத்துக்கு.
சுபிலா வைத்துவிட்டுப் போன சுக்குக்காப்பி
ஆறிப் பச்சைத்தண்ணி ஆனது.
கால் பின்னால் போனால் பந்தை எறிவார்கள்.
நேராக இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.
நூற்று நாற்பதில் நூற்று முப்பத்தொன்று.
அவனுக்கே தெரியாது. அவனைப் பெற்றவளுக்கும் தெரியாது.
அவன் காலுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி,
ஒரு அரைமணி நேரம்.

பிறகு குறிப்புக் கட்டத்தில் தட்டினேன். ஒரே வரி.

கிங்ஸ்லின் சார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று
"ஒனக்க கண்ணு கொள்ளாம் பிள்ளே" என்றார்.
ரெண்டாயிரம் ரூபாய் தனியாக வந்தது.
ஒரு மழைக்கோட்டு, ஒரு செருப்பு,
மிச்சத்துக்கு எல்லோருக்கும் ரசவடை.

எங்களிடம் வேலை கொடுத்தது அவனுடைய ஆட்கள் இல்லை.
அவனோடு அடுத்த ஞாயிறு மோதப் போகிறவர்கள்.
இதை முதலிலேயே சொல்ல மறந்துவிட்டேன்,
அல்லது மறக்கவில்லை.

அந்த ஆட்டமும் இறங்கியது.
மூன்றாம் துண்டில் கால் ஒரு சாண் பின்னால்.
எதிரே ஐம்பத்தைந்து, பந்து அசையுமுன்னே
ஓரடி வெளியே நகர்ந்தான்.
கம்பிக்குள் முகம் தெரியாது. தோள் தெரிந்தது.
என் வரிதான் ஓடி வந்தது,
நூற்றிருபது கிலோ, அவன் விலாவுக்கு வெளிப்பக்கமாக.
மைனஸ். மைனஸ். பூஜ்யம். மைனஸ்.
போட வேண்டியதும் நான்தான்.

நாற்பத்திரண்டாம் துண்டு
அவன் குப்புறக் கிடக்கும்போது முடிகிறது.
விசிலுக்குப் பிறகு நடப்பதை
யாரும் எங்களுக்கு அனுப்புவதில்லை.
நாற்பத்து மூன்றில் அந்த இடத்தில் அறுபத்தொன்று
கையை ஊன்றிக்கொண்டிருந்தான்.

பகல் ஒருமணி பஸ்.
கருங்கல் வளைவு வருமுன் டிரைவரின் இடது தோள் இறங்கியது.
பிரேக், என்று நினைத்தேன்.
பிரேக்.
முன் சீட்டுக்காரி பையோடு என் மேல் வந்து விழுந்தாள்.
நான் மட்டும் கம்பியைப் பிடித்திருந்தேன்.

அறுபத்தொன்றைப் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
பந்து கிளம்புமுன் இடதுபக்கம் கொஞ்சம் பார்க்கிறான்,
எப்போதும் இல்லை, சில சமயம்.
நூற்று நாற்பது ஆகட்டும்.