ஞாயிறு விடுமுறை

பல் டாக்டர் ஒருவர் செய்யச் சொல்லிவிட்டு
வாங்க வராத போர்டு.
எட்டு மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரி அக்ரிலிக்.
வண்ணார்பேட்டைக் கடையில் இரண்டு வருஷம்
மீட்டர் பெட்டிக்குக் கீழே சாய்ந்தே நின்றது.
‘எடுத்துட்டுப் போம்மா, எடத்த அடச்சிக்கிட்டு நிக்கி’
என்றார் கொம்பையா அண்ணாச்சி.
முன்பணம் ஐநூறு அவரிடம் இருந்ததால்
தாராளம்.

பெயரையும் பட்டங்களையும் லேசரில் வெட்டிக் கழித்தேன்.
ஐந்து துண்டு.
பின்பக்கத் தகட்டில் மட்டும்
கடைசி வரி மாட்டிக்கொண்டது:
ஞாயிறு விடுமுறை.

ஒட்டுவது கடையில் பழகிய வேலைதான். ஆனால்
எழுத்து உதிர்ந்தால் வாடிக்கையாளர் திட்டுவார், அவ்வளவே.
இது ஒழுகினால்
கீழ்வீட்டு மகராஜன் சார் தலையில் கடல்.
விளிம்புகளுக்கு நடுவே குண்டூசி வைத்து
சிரிஞ்சியால் பசையை ஓடவிட்டு
முப்பது எண்ணி ஒவ்வொன்றாய் உருவினேன்.
தண்ணீரைவிட மெலிந்த பசை
தானே வழி கண்டு மூலை வரை போய் நின்றது.
அங்கே ஒரு குமிழ்.
கடுகில் பாதி.
அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன்.

கல் வேண்டும்.
கரையில் பவளத்துண்டு கிடந்தாலும் எடுக்கக் கூடாது,
செத்ததானாலும். சட்டம்.
வெள்ளைச் சிமெண்டு, இடித்த சிப்பி, இரண்டு படி கல்லுப்பு
பிசைந்து மணலில் குழி பறித்து அப்பினேன்.
இறுகிய பின் வாளியில் ஊறப்போட
உப்பு கரைந்து வெளியே வந்தது.
உப்பு இருந்த இடமெல்லாம்
அறை, நடை, ஜன்னல்.
சிமெண்டின் காரம் தீர இரண்டு மாதம்
வாளித் தண்ணீர் மாற்றினேன்.

கடலுக்கு உவரிக்குப் போனேன், இரண்டு கேனோடு.
அலைக்கு அந்தப் பக்கம் போய் மொண்டு தந்த சந்தியாகு
‘தண்ணிக்கு என்னத்தக் கேக்க?
டீசலுக்குக் குடுங்க போதும்’ என்றார்.
பஸ்ஸில் கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தார்.
‘பதனியா?’
‘கடல்.’
சில்லறை இருக்கா என்று கேட்டார்.

பிறகு ஒன்றுமே இல்லாத நாட்கள்.
நாற்பத்து மூன்று.
சோதனைக் குழாயில் சொட்டுச் சொட்டாய் விட்டு
மஞ்சள், பச்சை, கரும்பச்சை, மறுபடி மஞ்சள்.
ஒரு விஷத்தைத் தின்று இன்னொன்றாய்க் கழித்து
கண்ணுக்குத் தெரியாதவை கல்லில் குடியேறின.
வந்தவர் எல்லாரும் ‘மீன் எங்க?’ என்றார்கள்,
சிலிண்டர் போட வந்தவர்கூட.
ராத்திரி முழிப்பு வந்தால்
குமிழ் இருந்த மூலையில் டார்ச் அடிப்பேன்.

சித்திரையில் இரண்டு நாளைக்கு ஒரு விரற்கடை குறைந்தது.
ஒழுகுகிறதோ என்று தரையைத் தடவினேன்.
காய்ந்து கிடந்தது தரை. வெயில்தான் குடித்திருக்கிறது.
பதறி, மிச்சக் கடலை ஊற்றப் போன கை
பாதியில் நின்றது.
போனது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கும் போகவில்லை,
விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்து உட்கார்ந்திருந்தது.
தாமிரபரணியே ஆனாலும் குழாய்த் தண்ணீர் ஆகாது;
வடிகட்டிய நல்ல தண்ணீர்,
பேனாவில் போட்ட கோடு வரை.

நேற்று மூன்றரைக்குக் கரண்ட் போயிற்று.
பம்பு நின்றது.
செம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து
டீ ஆற்றுகிற மாதிரி ஆற்றினேன், ஒரு மணி நேரம்.
தோள் கழன்றது.
கரண்ட் வந்து, கலங்கல் படிந்தபோது
மூன்றாவது கல்லில், ஓர் உப்புப் பொந்தில்
விசிறி.
நகக்கண் அகலம், பழுப்பு வரி போட்ட விசிறிப் புழு.
கேனோடு வந்திருக்க வேண்டும்,
டிக்கெட் எடுக்காமல்.

என் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது.
அசையாமல் நின்றேன்.
எண்பது எண்ணியிருப்பேன்.

ஞாயிறு விடுமுறை என்ற வரிக்கு நேர் கீழே
மெதுவாகக்
கடையைத் திறந்தது.