பத்துப் பத்து நிமிசமாய் வாசிச்ச நாவல்

அட்டை இல்லை. ஒட்டுசுட்டான் நூலகத்தில
பழைய கணக்குக் கொப்பி மட்டையொண்டை ஒட்டி
முதுகில இலக்கம் மட்டும் எழுதியிருந்தினம்.
அதால பேர் கேக்காதேங்கோ.
கதை இதுதான்: ஒரு தீவு, ஒரு வெளிச்சவீடு,
எட்டுப் பேர், ஒரு புயல்.
வள்ளம் அறுந்து போட்டுது. வயர்லெஸ் செத்துப்போட்டுது.
எட்டில ஒராள் மற்றவையை
ஒவ்வொராளாய்க் கொல்லுறார்.

அம்பகாமம் காட்டில
நாப்பது நிமிசம் மண்ணைச் சுரண்டினால்
பத்து நிமிசம் இருக்க விடுவினம்.
கவசத்தைக் கழட்டி, வேர்வையைத் துடைச்சு,
பாலை மரத்துக்குக் கீழ
ஒரு ஓய்வுக்கு ஆறு பக்கம்.
பதினொரு நாளில முடிச்சன்.

நல்லதை முதல் சொல்லுறன்.
எழுதினவருக்குச் சத்தம் தெரியும்.
காத்து நிண்ட பிறகு
கதவு தானாய் ஒருக்கா அசையுதே, அந்த இடத்தில
நானும் திரும்பிப் பாத்தன்.
யானை இல்லை. தர்மபூபதி, தண்ணிப் போத்தலோட.
பிறகு, அங்க ஒருத்தரும் தனிய ஒண்டுக்குப் போகாயினம்.
பொம்பிளையள் ரெண்டு ரெண்டு பேராய்,
ஒராள் குந்தியிருக்க
மற்றாள் இருட்டுக்கு முகம் குடுத்து நிண்டு.
இதை ஆரோ அவருக்குச் சொல்லியிருக்க வேணும்.
மேசையில இருந்து யோசிச்சு இது வராது.

ஆனால் பிஸ்கற்.
நாப்பத்தேழாம் பக்கத்தில
"கொஞ்சம் பிஸ்கற் மிச்சமிருந்தது" எண்டு எழுதுறார்.
கொஞ்சமெண்டால் எத்தினை?
ஆறாம் நாளும் அதே கொஞ்சம்.
பசி வந்தால் மனுசர் எண்ணுவினம், ஐயா.
அரிசியை எண்ணுவினம். தீக்குச்சியை எண்ணுவினம்.
பக்கத்தில இருக்கிறவர் எத்தினை தரம் விழுங்கினவர் எண்டதையும்.
எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு.
எங்கட பங்கருக்குள்ள
அரைத் தேங்காயில எத்தினை சொட்டு வருமெண்டு
இப்பவும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்.
பதினாலு.

அதோட இவையள் கதைக்கிற கதை!
தண்ணி முடிஞ்சு மூண்டாம் நாள்,
நாக்கு அண்ணத்தில ஒட்டியிருக்க,
சின்ன வயசு, பழைய காதல் எண்டு
அரைப் பக்கத்துக்கு வசனம்.
காய்ஞ்ச வாய் பேர்ச்சொல் மட்டும்தான் சொல்லும்.
வினைச்சொல்லுக்கு எச்சில் வேணும்.

கொலைகாரன் ஆரெண்டதை
எனக்கு முதல் வாசிச்ச புண்ணியவான்
பன்னிரண்டாம் பக்க ஓரத்தில
பென்சிலால எழுதி வைச்சிருந்தார்: "டொக்டர்தான்."
சரியான கோவம் வந்துது.
பிறகு பாத்தால், அதுக்குப் பிறகுதான்
ஒவ்வொரு வரியாய்க் கவனிச்சு வாசிச்சிருக்கிறன்.
கருவி கத்தின இடத்திலதானே
கை மெதுவாகும்.

ஒரு இடம் மட்டும் என்னால ஒத்துக்கொள்ள ஏலாது.
கதாநாயகி, செத்தவளின்ர சப்பாத்தைக் கழட்டாமல்
வெறுங்காலோட பாறையில நடக்கிறாள்.
மரியாதையாம்.
அந்த ஓய்வில ஆறு பக்கம் போகேல்லை.
புத்தகத்தை மூடிப்போட்டு
என்ர காலைப் பாத்துக்கொண்டிருந்தன்.

கடைசியில ஹெலி வருது.
கம்பளி, சூடான தேத்தண்ணி, விடியல், முற்றும்.
என்னெண்டு முற்றும்?
செத்த ஆறு பேரின்ர பேரை ஆர் எழுதினது?
அவளை எங்க இருத்தி வைச்சு, என்ன கேட்டவை?
எத்தினை மாசத்துக்குப் பிறகு
பூட்டாத கதவுக்குள்ள நித்திரை கொண்டாள்?
கம்பளிக்கு அங்கால
இன்னுமொரு நானூறு பக்கம் கிடக்கு.
அதை அவர் எழுதேல்லை.

கலைவதனி கேட்டாள், புத்தகம் எப்பிடியெண்டு.
பத்துக்கு ஆறு, வாசி எண்டன்.
ஆர் கொலைகாரன் எண்டும் கேட்டாள்.
சொல்லேல்லை. பென்சில் எழுத்தை அழிக்கவும் இல்லை.
நாப்பத்தேழாம் பக்கத்தில மட்டும்
"கொஞ்சம்" எண்டதை வெட்டி
முப்பத்தொண்டு எண்டு எழுதினன்.
ஆளுக்கு நாலெண்டால் ஒண்டு குறையும்.
அந்த ஒண்டில இருந்து தொடங்கியிருக்கலாம் கொலை.

விசில் ஊதியாச்சு.
கவசத்தின்ர உள்பக்கம் இன்னும் காயேல்லை.