கிளெர்க்கன்வெல், வியாழன் இரவு

சனிக்கிழமை இதழுக்குப் படம்.
'பிறவி மேதை' என்று
தலைப்பு முதலிலேயே வந்துவிட்டது.
கரும்பலகையில் சாக்கட்டியால் ஆடு வரையும் மேய்ப்பன் பையன்,
பின்னால் வாய்பிளந்து பாதிரியார்.

படத்துக்கு நின்றவன் பால்காரர் மகன் ஒபதையா.
கூலி மூன்று பென்னி.
அவனுக்கு வட்டம்கூடப் போடவராது.

மரக்கட்டையை ஆறாகக் கழற்றி
ஆளுக்கொரு துண்டு தந்தார்கள்.
பையனின் மணிக்கட்டு எனக்கு.
அவன் விரல்கள் டிரிங்குக்கு.
கரும்பலகை விழுந்த மூலை கெசையாவுக்கு:
வயது பன்னிரண்டு,
இதுவரை வானம் மட்டுமே செதுக்கியவள்.

ஓவியர் அவசரத்தில்
பலகைக்கு மை பூசியிருந்தார்,
ஆட்டை மறந்துவிட்டார்.

மரத்தில் தொடாத இடம் இருட்டு,
கீறிய இடமே வெளிச்சம்.
அவள் யாரையும் கேட்கவில்லை.
காலையில் சந்தைக்குப் போன மந்தையில்
ஒன்று வலக்காலை நொண்டியதாம்.
பதினோரு கீறல்.
நொண்டியது.

திருகாணி முடுக்கி, அச்சேற்றி,
நாற்பதாயிரம் பிரதி.
தாளில் புரண்டு விழுந்ததில்
இப்போது இடக்காலை நொண்டுகிறது.

பாத் நகரத்துச் சீமாட்டி ஒருத்தி
அந்தப் பையனுக்கென்று வண்ணப்பெட்டி அனுப்பினாள்.
ஒபதையா நீலத்தை நக்கிப் பார்த்துவிட்டு
மிச்சத்தை விற்றான்.

கெசையாவுக்கு அடுத்த வாரமும் வானம்தான்.
மழை வானம்.
கோடு அதிகம்.