ஒன்றை மட்டும் டிக் செய்யவும்

காட்டுக்குப்பம், பதினோராவது வீடு.
பாதிப்பு எதனால்? காற்று, நீர், நிலம், ஒலி.
படிவம் ஒரு டிக்தான் தாங்கும்.

பூபாவதி கையை நீட்டினாள், பேனாவுக்கு இல்லை.
விரல் நுனியெல்லாம்
காக்கா ஆழி கீறிய கோடுகள்.
"எறா தடவுற எடத்துல இப்ப இதான் மொளைக்குது.
அடியில சாம்ப. தண்ணி வேற சுடுது,
கைய வுட்டா
அணையாத அடுப்ப அள்றாப்புல கீதும்மா."

நீர் என்று போட்டேன்.

உள்ளே நெபுலைசர் உறுமியது.
இரண்டாம் வகுப்பு யுகேந்திரன்
மாஸ்க்குக்கு மேலே கண்களை மட்டும் வைத்துக்கொண்டு
என் அடையாள அட்டையை எழுத்துக்கூட்டினான்.
பெயரின் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினான்.
பேனா மை. அழிக்க முடியாது.

கிளம்பும்போதுதான் கூழைக்கடாவைப் பற்றிச் சொன்னாள்.
எண்ணெய் வந்த மார்கழியில்
இறக்கை மடங்காமல் படகு விளிம்பில் நின்றதாம்.
பாத்திரச் சோப்பு போட்டு, பழைய நைட்டியால் துடைத்து
மூன்று நாள் மீன் போட்டிருக்கிறாள்.
"எந்த மீன்?"
"வேற எங்க போவேன்? இந்த ஆத்து மீனுதான்."
அப்புறம் பறவைக்கு என்ன ஆனது என்று
நான் கேட்கவில்லை. அதற்குக் கட்டமும் இல்லை.

ஒரு கை இறாலைப் பாலித்தீன் பையில் முடிந்து
"கொழம்பு வையி" என்றாள்.
வாங்கிக்கொண்டேன்.
எண்ணூர் பஸ்ஸில் என் மடியில்
அது சில்லென்று இருந்திருக்க வேண்டும்.
இளஞ்சூடாக இருந்தது.

ஃப்ரீசரில் இன்றோடு நாலு நாள்.
சமைக்கவில்லை. கொட்டவும் இல்லை.
அடுத்த வாரம் பன்னிரண்டாவது வீடு.
வழியில் அவள் நிற்பாள்,
ருசி எப்படி என்பாள்.